கருங்காலியைப் பிளாஸ்டிக் என்றான் மருமகன்

(கல்முனையில் ஓடாவிமாரும் உயர்தர வகுப்பு மாணவரும் கூடியிருந்த மண்டபமொன்றில், அஸர் தொழுகைக்குப் பிறகு ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த மேசையில் ஏழு பேனைகள் இருக்கின்றன. பேச்சு முடிந்ததும் யாரும் எடுத்துப் பார்க்கலாம், எழுதியும் பார்க்கலாம். எண்ணித்தான் வைத்திருக்கிறேன் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

ஏழில் ஆகக் கறுப்பாக இருப்பது, நான் முதன்முதலில் உருப்படியாகக் கடைந்து முடித்தது. கருங்காலி. காசு கொடுத்து வாங்கிய மரமல்ல. எங்கள் மூத்தம்மாவின் கட்டில் கால். சட்டமும் பலகையும் உளுத்துக் கொட்டிய பிறகும் அந்த நாலு கால்களும் கிணற்றடியில் வருஷக்கணக்காகக் கிடந்தன. ஒரு பூச்சி தொடவில்லை. அதில் ஒன்றை அறுத்து, துளைத்து, கடைந்து, தேய்த்து, மெருகேற்றி முடிக்க எனக்கு மூன்று கிழமை போனது. முடித்த அன்றிரவே ஆசை பொறுக்காமல் சாப்பாட்டு மேசையில் வைத்து போனில் ஒரு படம் எடுத்து, கட்டாரில் வேலை செய்யும் தங்கச்சியின் மகனுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினேன். இரண்டு நிமிஷத்தில் பதில் வந்தது: "மாமா, நல்லா இரிக்கி. பிளாஸ்டிக் பேனையா?"

பிள்ளையில் குற்றமில்லை. படத்தை நானே திரும்ப எடுத்துப் பார்த்தேன். பிளாஸ்டிக்தான். பிளாஷ் வெளிச்சம் நடுவில் வெள்ளைப் பொட்டாக விழுந்திருந்தது. மற்ற இடமெல்லாம் ஒரே சாம்பல். மரம் என்பதற்கு ஒரு சாட்சி இல்லை.

மரப்பேனை செய்வதைப் பற்றிப் பேசச் சொல்லித்தான் என்னை அழைத்தார்கள். பேசுகிறேன். ஆனால் என் தொழிலில் பாதியை நான் படித்தது கடைச்சல் மெசினில் அல்ல, அந்தக் கேள்விக்குப் பிறகு கமராவில்தான். அதனால் இரண்டையும் பிரித்துப் பேச எனக்கு வராது.

மருமகனின் கேள்விக்குள் ஒரு வேடிக்கை இருக்கிறது. 1851இல் நெல்சன் குட்இயர் என்ற அமெரிக்கர் கடின இறப்பருக்குக் காப்புரிமை பெற்றார். இறப்பரோடு கந்தகத்தை அளவுக்கு மேல் சேர்த்து நெடுநேரம் சூடாக்கினால் அது இழுபடும் குணத்தை விட்டுவிட்டு மரம்போல் இறுகிவிடும். கறுப்பாக, வழுவழுவென்று, கடைவதற்கு வாகாக இருக்கும். அதற்கு வைத்த பேர் எபோனைட். எபொனி என்றால் கருங்காலி. கருங்காலிபோல் இருந்ததால்தான் அந்தப் பேர். மை அரிக்காத பொருள் என்பதால் பேனைக்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். 1884இல் நியூயோர்க்கில் வாட்டர்மன் தன் ஊற்றுப் பேனைக்குக் காப்புரிமை எடுத்த காலத்திலிருந்து, நம் பாட்டன்மார் சட்டைப் பையில் குத்திய கறுப்புப் பேனைகள் வரை பலவும் இந்த எபோனைட்தான்.

இறப்பர் எங்கிருந்து வந்தது? 1876இல் கியூ தாவரத் தோட்டத்திலிருந்து கப்பலில் வந்த கன்றுகள் நமது கம்பஹாவுக்குப் பக்கத்தில் ஹெனரத்கொடையில் நடப்பட்டன. கருங்காலியோ நம் வறண்ட காட்டின் சொந்த மரம். அசலும் இங்கே, போலிக்கு வேண்டிய பாலும் இங்கே. பேனை மட்டும் கப்பலில் வந்தது.

அக்கரையில் அப்படி விடவில்லை. ஆந்திராவில் ராஜமுந்திரியில் ரத்னம் என்ற தட்டார் 1932இல் சுதேசிப் பேனை செய்யத் தொடங்கினார். அவர் அனுப்பிய பேனைக்கு நன்றி சொல்லி 1935இல் காந்தி எழுதிய கடிதத்தை அந்தக் குடும்பம் இன்னும் பெருமையாகச் சொல்கிறது. தமிழ்நாட்டில் திருவள்ளூரில் ரங்கா பேனைகள் எபோனைட் தண்டிலிருந்து கையால் கடையப்பட்டு உலகமெங்கும் போகின்றன. இவர்களைப் பார்த்துத்தான் எனக்கும் ஆசை வந்தது. ஆனால் பாருங்கள், எத்தனையோ பேர் எத்தனையோ காலம் பாடுபட்டு இறப்பரைக் கருங்காலிபோல் காட்டினார்கள். நான் ஒரே ஒரு படத்தில் கருங்காலியை இறப்பராக்கிவிட்டேன்.

இடையில் பேர் பற்றி ஒரு சொல். பேனை என்பது போர்த்துக்கீசரின் 'பெனா'விலிருந்து வந்தது. இறகு என்று பொருள். ஓதப்பள்ளியில் நாம் கேட்டு வளர்ந்த 'கலம்' நாணலோடு பிறந்த சொல். குர்ஆனின் 68ஆம் அத்தியாயத்துக்கே அதுதான் பேர். லுக்மான் அத்தியாயத்தில் மரமும் பேனையும் கடலும் மையும் சேர்ந்து வரும் வசனம் உங்களில் பலருக்கு மனப்பாடம். நான் ஓத வேண்டியதில்லை. கடலைப் பார்த்துக்கொண்டு மரம் கடைகிற ஒருவனுக்கு அது அடிக்கடி ஞாபகம் வரும் என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

சரி, மரம். கருங்காலிக்கு ஆசைப்பட்டு யாரும் காட்டுக்குப் போகாதீர்கள். வெட்டுவதையும் ஏற்றிச் செல்வதையும் சட்டம் இறுக்கிப் பிடித்திருக்கிறது. அது நியாயம்தான், ஏனென்றால் அந்த மரம் நம் ஆயுளுக்குள் வளர்ந்து முடியாது. தன் இனத்தை வெட்டும் கோடரிக்குக் காம்பாகப் போனது என்று தமிழில் அதன் பேரையே வசையாக்கி வைத்திருக்கிறோம். வெட்டியவனை விட்டுவிட்டு மரத்தைத் திட்டுகிற பழக்கம்!

பேனைக்கு மரமே வேண்டியதில்லை, துண்டு போதும். இரண்டு சென்ரிமீற்றர் சதுரம், பதின்மூன்று சென்ரிமீற்றர் நீளம். எந்த மரக்காலையிலும், எந்த ஓடாவியார் பட்டறையிலும், நிலை அறுக்கும்போது காலடியில் விழுகிற அளவு. அடுப்புக்குப் போகிற துண்டு அது. நான் ஒரு சாக்கோடு போய் நிற்பேன். ஆரம்பத்தில் சிரித்தார்கள், இப்போது எனக்கென்று ஒரு மூலையில் ஒதுக்கி வைக்கிறார்கள்.

அதில் முதிரை கிடைத்தால் அன்றைக்குப் பெருநாள். தங்க மஞ்சள் நிறம். கையில் வைத்து மெல்லத் திருப்பினால் உள்ளே பட்டுத்துணி அசைவதுபோல் ஒரு பளபளப்பு ஓடும். ஆங்கிலத்தில் அதற்குச் சற்றின் மரம் என்று பேர் வைத்தது இதனால்தான். தூள் மட்டும் பொல்லாதது. சிலருக்குத் தோல் தடித்துச் சொறியும்; முகமூடி இல்லாமல் கடையாதீர்கள். பனை வைரத்தில் கறுப்பு நார்கள் ஊசி ஊசியாக நிற்கும். அழகு, ஆனால் சிராம்பு பாயும். ஆக மலிவாகக் கிடைப்பது பூவரசு. வேலிக்கு நட்டுவிட்டு நாம் மறந்த மரம். இதே மரத்தை ஹவாய்த் தீவில் 'மீலோ' என்று மதித்துக் கிண்ணம் கடைகிறார்கள். உள்வைரம் சொக்கலேற் நிறம், வெளியே வெளிறிய மஞ்சள். இரண்டும் சேரும் இடத்தில் வெட்டினால் ஒரே பேனையில் இரண்டு நிறம் வரும். அந்த மூன்றாவது பேனை அதுதான்.

கடையும் விதத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். துண்டின் நடுவே நீளத்துக்குத் துளைத்து, உள்ளே பித்தளைக் குழாயை எபொக்சி பசையால் ஒட்ட வேண்டும். சாதாரண மெல்லிய பேனைக்கு ஏழு மில்லிமீற்றர் துளை. துளைப்பதில்தான் பொறுமை வேண்டும். துறப்பணத்தை ஒரே மூச்சில் இறக்கினால் சூடேறும், கருங்காலி சூட்டைத் தாங்காது. கொஞ்சம் இறக்கி, வெளியே எடுத்து, தூளைத் தட்டி, ஆறவிட்டு, மறுபடி இறக்க வேண்டும். பிறகு இரண்டு முனையையும் குழாய்க்குச் செங்குத்தாகச் சீவி, கம்பியில் கோத்து, மெசினில் சுழலவிட்டு, உளியை வைக்க வேண்டும். முதல் தொடுகையில் மூலைகள் டக்டக்கென்று அடிக்கும். உருண்டு வந்ததும் சத்தம் மாறும். சீத்தை கிழிகிற மாதிரி ஒரு நீண்ட சத்தம். அந்தச் சத்தம் வந்தால் உளி கூராக இருக்கிறது, கை சரியாக இருக்கிறது. வராவிட்டால் நிறுத்திவிட்டு உளியைத் தீட்டப் போங்கள்.

என் இரண்டாவது பேனையை மாரியில் செய்தேன். முதிரைத் துண்டு மார்கழி மழையின் ஈரத்தைக் குடித்திருந்தது; எனக்குத் தெரியவில்லை. அழகாக வந்தது. மேசை லாச்சியில் போட்டு வைத்தேன். அடுத்த வருஷம் கச்சான் காற்று தொடங்கிப் பத்து நாளில் ஒரு மத்தியானம் லாச்சிக்குள் 'டிக்' என்று ஒரு சத்தம். திறந்தால், மூடியிலிருந்து முனைவரை நேர்கோடாக ஒரு வெடிப்பு. காரணம் லேசானது. காய்ந்த காற்றில் மரம் சுருங்குகிறது, உள்ளே இருக்கும் பித்தளை சுருங்குவதில்லை. சட்டை சிறுத்துப்போனால் தையல்தானே விடும்? அதற்குப் பிறகு எந்தத் துண்டையும் ஒரு கச்சான் முழுக்கப் பரண் மேல் காயப்போடாமல் நான் தொடுவதில்லை. அந்த வெடித்த பேனையும் இங்கே இருக்கிறது, கடைசியில்.

இனிக் கமரா.

மருமகனின் பதிலுக்குப் பிறகு நான் செய்த முதல் வேலை பிளாஷை அணைத்தது. இரண்டாவது, பேனையைக் கிழக்கு ஜன்னலுக்குக் கொண்டுபோனது. நம் கரையில் காலை வெளிச்சம் கடலிலிருந்து வருகிறது, நேராக, தடையில்லாமல். சுபஹுத் தொழுதுவிட்டு வந்து ஒரு மணித்தியாலம் வரைக்கும் அது சாய்ந்து வரும். ஏழு மணி தாண்டினால் கத்தியாகிவிடும். கத்தியை மழுக்க ஒரு வெள்ளைச் சாரன் போதும். மருதமுனைத் தறியில் நெய்த பழைய சாரனொன்றை ஜன்னலில் குறுக்கே கட்டினேன். வெயில் அதில் பட்டு, ஜன்னல் முழுக்க ஒரே வெள்ளைப் பலகையாகிவிட்டது. பேனையைப் பக்கவாட்டில் வைத்தேன். கறுப்பு மரத்தின் மேல் நீளத்துக்கு ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு விழுந்தது. அந்தக் கோட்டின் ஓரத்தில், வெளிச்சம் நிழலுக்குள் கரைகிற இடத்தில், கருங்காலியின் நாரிழை தெரிந்தது. தலைமயிரைவிட மெல்லிய, கறுப்புக்குள் கறுப்பான கீற்றுகள். மூன்று கிழமை கையில் வைத்திருந்த மரத்தை அன்றைக்குத்தான் கண்டேன்.

அதோடு இன்னொன்றையும் கண்டேன். அந்த வெள்ளைக் கோடு நேராக இல்லை. நடுவுக்குக் கொஞ்சம் கீழே லேசாக நெளிந்திருந்தது. விரலால் தடவினால் ஒன்றும் தெரியாது. நூறு தடவை தடவியிருப்பேன். மெருகேறிய உருளை ஒரு கண்ணாடி மாதிரி. அது ஜன்னலைத் தன் உடம்பில் கோடாகப் பிடித்துக் காட்டுகிறது. மேடு பள்ளம் இருந்தால் கோடு நெளியும். உளி ஒரு கணம் தயங்கிய இடம் அது. படத்தைப் பெரிதாக்கினால் இன்னும் மோசம்: பேனையைச் சுற்றிச் சுற்றி வளையம் வளையமாக மெல்லிய கீறல்கள். சுழல்கிற மரத்தில் சாண்ட் பேப்பர் போட்டுத் தேய்த்துவிட்டு, அப்படியே அடுத்த நைஸ் தாளுக்குப் போனால் வருகிற வளையம் அது. ஒவ்வொரு தாளுக்கும் பிறகு மெசினை நிறுத்தி, நீளவாக்கில் கையால் தேய்த்து முந்திய வளையத்தை அழிக்க வேண்டும். இது எனக்கு எந்த ஓடாவியாரும் சொல்லித் தந்ததல்ல. படம் சொல்லித் தந்தது.

அன்றிலிருந்து மெருகு போடுவதற்கு முன் ஒரு படம் எடுக்கிறேன், யாருக்கும் அனுப்ப அல்ல. கோடு நெளிந்தால் பேனை திரும்ப மெசினுக்குப் போகும்.

போனில் எடுப்பவர்களுக்குச் சில விஷயம். கமராவுக்குக் கறுப்பும் தெரியாது, வெள்ளையும் தெரியாது. எல்லாவற்றையும் நடுத்தரச் சாம்பலாக்கவே அது பார்க்கும். கருங்காலியைக் காட்டினால், இருட்டாக இருக்கிறதே என்று வெளிச்சத்தைக் கூட்டிச் சாம்பலாக்கும். திரையில் பேனையைத் தொட்டு, வருகிற சூரியக் குறியைக் கீழே இழுங்கள். கறுப்பு கறுப்பாக வரும். மிக நெருங்கிப் போகாதீர்கள். ஒரு முழம் தள்ளி நின்று இரண்டு மடங்கு பெரிதாக்கினால் பேனை வளையாமல் நிற்கும். 'போர்ட்ரெய்ட்' என்ற வசதியைத் தொடவே வேண்டாம். அது கிளிப்பின் ஓரத்தைத் தின்றுவிடும். கிளிப் பெரிய தொல்லை. தங்க முலாம் பூசிய அந்தச் சின்னத் தகட்டில் என் சேர்ட்டும் மூக்கும் ஒரு நாள் தெளிவாக விழுந்திருந்தன. ஒரு வெள்ளை அட்டையில் ஓட்டை போட்டு, அதன் வழியாகக் கமராவை நீட்டினேன்; மூக்கு போய்விட்டது. பின்னணிக்குப் பன்பாய் வைத்துப் பார்த்தேன். பாயின் வரி பேனையோடு சண்டை போட்டது. இப்போது வெறும் கபிலநிறக் கடதாசிதான்.

முதிரையை மட்டும் என்னால் இன்னும் சரியாகப் பிடிக்க முடியவில்லை. அந்தப் பட்டு ஓட்டம் திருப்பினால்தான் தெரியும். படம் நிற்கிறது, திரும்புவதில்லை. ஒரு தடவை மஞ்சள் பல்ப் வெளிச்சத்தில் எடுத்தேன். படம் பொன்னாக ஜொலித்தது. வெளியூரில் ஒருவர் அதைப் பார்த்து வாங்கினார். கைக்குக் கிடைத்ததும் கேட்டார், "படத்தில இருந்த பவுன் எங்க?" பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். பேனையில் குறை இல்லை. படம் பொய் சொல்லியிருந்தது. இப்போது ஒவ்வொரு படத்திலும் ஓரமாக ஒரு துண்டு வெள்ளைக் கடதாசி வைக்கிறேன். கடதாசி வெள்ளையாக வந்தால் மரமும் தன் நிறத்தில் வந்திருக்கிறது.

இங்கே கொஞ்சம் பின்னுக்குப் போகிறேன். பத்தாம் நூற்றாண்டில் பாத்திமிய கலீபா அல்-முஇஸ், கையில் மை படாத பேனை ஒன்று வேண்டும், மை உள்ளேயே இருக்க வேண்டும், தலைகீழாகப் பிடித்தாலும் சிந்தக் கூடாது என்று கேட்டதாக அவருடைய காழி அல்-நுஃமான் எழுதி வைத்திருக்கிறார். சில நாளில் கைவினைஞன் பொன்னால் ஒன்று செய்து கொண்டுவந்தான். அதுவும் வேலை செய்தது. வாட்டர்மனுக்கு ஒன்பது நூற்றாண்டு முந்தி! ஆனால் உள்ளே என்ன பொறி இருந்தது? யாருக்கும் தெரியாது. பேனையும் மிஞ்சவில்லை, ஒரு கோட்டோவியமும் இல்லை. செய்தவனின் பேரும் இல்லை.

அதே அல்-முஇஸின் பேரன் அல்-ஹாகிம் கெய்ரோவில் ஆட்சி செய்த காலத்தில்தான் பஸராவில் பிறந்த இப்னு அல்-ஹைதம் அங்கே வந்தார். ஒளியைப் பற்றி ஏழு பாகங்களில் 'கிதாபுல் மனாழிர்' எழுதினார். இருட்டறையில் சிறு துளை வழியாக வெளிச்சம் எப்படி நுழைகிறது என்று சோதித்தவர் அவர். உங்கள் சட்டைப் பையில் இருக்கும் கமராவும் ஒரு இருட்டறைதான். பாட்டன் பேனை கேட்டார். பேரன் காலத்து அறிஞர் ஒளியை ஆராய்ந்தார். இரண்டும் ஒரு மேசையில் சந்திக்க ஆயிரம் வருஷம் எடுத்திருக்கிறது.

அவ்வளவு தூரம் போவானேன், காரைதீவுக்குப் போவோம். இங்கிருந்து கூப்பிடு தூரம். அங்கே 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகள், வழக்கொழிந்துபோன யாழ் எப்படி இருந்தது என்று கண்டுபிடிக்கப் பழைய நூல்களைத் துருவி, கணக்குப் போட்டு, பல வருஷம் உழைத்து 1947இல் 'யாழ் நூல்' வெளியிட்டார். அதே வருஷம் காலமானார். அத்தனை உழைப்பும் எதற்கு? எத்தனையோ தச்சர்கள் செய்த ஒரு மரக்கருவியில் பழையது ஒன்றுகூட அவர் கைக்கு மிஞ்சவில்லை. சொற்களிலிருந்து மரத்தைத் திரும்பக் கட்ட வேண்டியிருந்தது.

எங்கள் வாப்பா ஓடாவி. அவர் உம்மாவுக்கென்று ஒரு அல்மாரி செய்தார். 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் அதையும் கொண்டுபோனது, அல்பத்தையும் கொண்டுபோனது. அந்த அல்மாரிக் கதவில் இருந்த கைப்பிடி வாப்பா கையால் குடைந்தது. அது மாங்காய் வடிவம் என்று நான் சொல்கிறேன். இல்லை, சங்கு என்கிறார் காக்கா. ஒவ்வொரு பெருநாளைக்கும் சாப்பிட்டு முடிந்ததும் இந்தச் சண்டை வரும். இருபது வருஷமாக யாரும் ஜெயிக்கவில்லை. தீர்த்து வைக்க ஒரு படம் இல்லை.

அதனால் உங்கள் பட்டறைகளில் வேலை செய்யும் மூத்த ஓடாவிமாரின் வேலையைப் படமெடுங்கள் தம்பிமாரே. பேனை என்றில்லை, கதவு, கட்டில், தோணி, எதுவும். முன்பக்கம் மட்டும் அல்ல, பொருத்தையும் எடுங்கள், அடிப்பக்கத்தையும் எடுங்கள். பக்கத்தில் ஒரு அடிமட்டம் வையுங்கள். மரத்தின் பேரையும் செய்தவர் பேரையும் திகதியையும் ஒரு துண்டில் எழுதிப் படத்துக்குள்ளேயே வையுங்கள். வெடிப்பு இருந்தால் வெடிப்போடு எடுங்கள்.

மருமகனுக்கு என்ன பதில் அனுப்பினேன் என்று கேட்கவில்லையே நீங்கள்? அடுத்த நாள் காலை சாரன் கட்டி எடுத்த படத்தை அனுப்பினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு, "மாமா, இது மூத்தம்மாட கட்டில் காலா?" என்று கேட்டிருந்தான். அந்தக் கட்டிலில் படுத்து வளர்ந்த பிள்ளை.

இனி நீங்கள் பாருங்கள். தம்பி, கதவடியில் நிற்கிறவர், அந்த மேற்கு ஜன்னலின் திரையைப் பாதிக்கு இழுத்து விடுங்கள். வெளிச்சம் இன்னும் கொஞ்ச நேரம் நிற்கும். முதலில் அந்த வெடித்த பேனையை எடுங்கள்.